ஸ்பைடர்மேன் இல்லாத டாம் ஹாலண்ட் யார்?

கேள்வி இதுதான்: “டாம் ஹாலண்டைப் பற்றித் தேடினால் ஸ்பைடர்மேனும் ஸெண்டேயாவும்தான் வருகிறார்கள். அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? நிஜமாகவே நல்ல நடிகரா, இல்லை லாட்டரி அடித்தவரா?”

லாட்டரி என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. 2015 ஜூன் 23 அன்று மார்வெல் அறிவிக்கும்வரை நம் ஊரில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு. அடுத்த ஆறரை வருஷத்தில் உலகம் முழுக்க 190 கோடி டாலருக்கு மேல் வசூலித்த ஒரு படத்துக்கு அவர் நாயகன். ஆனால் அந்த அறிவிப்பு வந்த நாளில் அவருக்கு வயது 19, தொழில் அனுபவம் 7 வருஷம். நான் அந்த 7 வருஷத்தில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். ஸ்பைடர்மேன் கதை உங்களுக்கே தெரியும்.

ஹாலண்ட் பிறந்தது 1996 ஜூன் 1, லண்டனின் தென்மேற்கில் தேம்ஸ் ஓரம் இருக்கும் கிங்ஸ்டனில். அம்மா நிக்கோலா புகைப்படக்காரர். அப்பா டொமினிக் ஹாலண்ட் மேடையில் தனியாக நின்று சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடியன். 1993-ல் எடின்பரோ விழாவில் சிறந்த புதுமுகத்துக்கான பெரியர் விருது வாங்கியவர். அந்த விருதுக்குப் பிறகு அவர் பெரிய ஆளாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. மகன் தன்னை எப்படித் தாண்டிப் போனான் என்று அவரே பின்னால் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்புக்கு ‘கிரகணம் பிடித்தது’ என்று அர்த்தம் வரும். தன்னையே கிண்டலடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் மகனுக்கும் வந்திருப்பதை அவருடைய பேட்டிகளில் பார்க்கலாம். டாமுக்குப் பிறகு மூன்று தம்பிகள்: ஸாம், ஹாரி என்ற இரட்டையர், கடைக்குட்டி பேடி.

ஏழு வயதில் டாமுக்கு டிஸ்லெக்சியா இருப்பது தெரிந்தது. எழுத்துகள் இடம் மாறிக் குழப்பும், படிக்க நேரம் பிடிக்கும். அதே பையன் ஜேனட் ஜாக்சன் பாட்டு போட்டால் ஆடாமல் இருக்க மாட்டான். அம்மா அதைக் கவனித்து விம்பிள்டனில் ஒரு நடன வகுப்பில் சேர்த்துவிட்டார். ஹிப்-ஹாப் வகுப்பு. 2006-ல் ரிச்மண்ட் நடன விழாவில் அந்த வகுப்புப் பிள்ளைகள் ஆடினார்கள். பார்க்க வந்திருந்தவர்களில் லின் பேஜ் என்ற நடன அமைப்பாளரும் ஒருவர். ‘பில்லி எலியட்’ இசை நாடகத்தின் நடனக் குழுவைச் சேர்ந்தவர். இந்தப் பையனைத் தேர்வுக்கு அனுப்புங்கள் என்றார்.

அதிர்ஷ்டம் என்று சொல்வதானால் இந்த ஒரு நாளைச் சொல்லலாம். அதற்கு அப்புறம் நடந்தது முழுக்க வேலை.

‘பில்லி எலியட்’ பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 1984-85-ல் இங்கிலாந்தின் வடக்கே டர்ஹம் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய நீண்ட வேலைநிறுத்தம்தான் பின்னணி. சுரங்கத் தொழிலாளியின் 11 வயது மகன் குத்துச்சண்டை கற்கப் போய் பாலே நடனத்தில் மாட்டிக்கொள்கிறான். ஸ்டீபன் டால்ட்ரி இயக்கம், லீ ஹால் எழுத்து, எல்டன் ஜான் இசை. ஏறக்குறைய மூன்று மணி நேர நாடகத்தில் பில்லி மேடையை விட்டு இறங்குவதே அபூர்வம். பாலே ஆட வேண்டும், குதிகால் தட்டி டேப் ஆட வேண்டும், பல்டி அடிக்க வேண்டும், கம்பியில் தொங்கிப் பறக்க வேண்டும், பாட வேண்டும், இதெல்லாம் போக லண்டன் பையன் டர்ஹம் வட்டார வழக்கில் பேசவும் வேண்டும். முதல் பாதி முடிகிற இடத்தில் ஒரு கோப நடனம் வரும். கலவரத் தடுப்புக் கேடயங்களோடு வரிசையாக நிற்கும் போலீஸ்காரர்கள் மீது அந்தச் சிறுவன் ஆடி ஆடி மோதுவான். வசனம் கிடையாது, கோபம் முழுக்கக் காலில்.

இதை ஒரே பையனால் வாரம் முழுக்கச் செய்ய முடியாது, சட்டமும் விடாது. பிரிட்டனில் பள்ளி வயதுப் பிள்ளை தொழில்முறை மேடை ஏற வேண்டுமென்றால் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு, கூடவே பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அதனால் எப்போதும் மூன்று நான்கு பில்லிகள் முறை வைத்து ஆடுவார்கள். குரல் உடைந்தாலோ உயரம் கூடிவிட்டாலோ அந்தப் பையனின் காலம் முடிந்தது.

ஹாலண்டுக்கு ஹிப்-ஹாப் தெரியும், பாலே தெரியாது. இரண்டு வருஷம் பயிற்சி. பள்ளி இடைவேளையில் ஜிம் கூடத்தில் இறுக்கமான கால்சட்டையோடு பாலே பழகுவதைப் பார்த்து மற்ற பையன்கள் கேலி செய்ததை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2008 ஜூன் 28 அன்று லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கில் பில்லியின் நண்பன் மைக்கேலாக முதல் மேடை. செப்டம்பர் 8 அன்று பில்லியாக. 2010 மே கடைசிவரை ஆடினார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம், பணம் கொடுத்து வந்த கூட்டத்தின் முன்னால். 12 வயதிலிருந்து 14 வயது வரை இப்படி இருந்தவரை ‘திடீரென்று வந்தவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்தது சினிமா. இங்கே நமக்கும் ஒரு வலி இருக்கிறது. 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் அடித்த அதே சுனாமி தாய்லாந்தின் காவ் லாக் கடற்கரையையும் அடித்தது. அங்கே விடுமுறைக்குப் போயிருந்த மரியா பெலோன் என்ற ஸ்பானியப் பெண்ணின் குடும்பம் பிழைத்த கதையை இயக்குநர் பயோனா 2012-ல் ‘தி இம்பாசிபிள்’ என்ற படமாக எடுத்தார். படத்தில் அவர்களை ஆங்கிலேயக் குடும்பமாக்கிவிட்டார்கள். அந்த மாற்றத்துக்கு வந்த விமர்சனம் நியாயமானதுதான். அம்மாவாக நவோமி வாட்ஸ், அப்பாவாக யூவான் மெக்ரகர், மூத்த மகன் லூக்காஸாக ஹாலண்ட். ஸ்பெயினின் அலிகாண்டேயில் பெரிய தொட்டி கட்டி, அதில் தண்ணீரை ஓடவிட்டு அலைக் காட்சிகளை எடுத்தார்கள். படப்பிடிப்பு தொடங்கியபோது ஹாலண்டுக்கு 14 வயது.

அதில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். அலை வடிந்து, அம்மாவும் மகனும் சேற்றில் நடந்துபோகிறார்கள். மகன் பின்னால் வருகிறான். அம்மாவின் காலில் சதை பிய்ந்து தொங்குவது அப்போதுதான் அவன் கண்ணில் படுகிறது, அவள் உடை கிழிந்திருப்பதும். உன்னை இப்படிப் பார்க்க முடியவில்லை என்று சொல்லித் திரும்பிக்கொள்கிறான். அம்மா உடையை முடிந்துகொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அந்த வயதுப் பையனுக்கு வரும் கூச்சம், பயம், தான்தான் இனிப் பெரியவன் என்று புரியும் கணம், எல்லாம் அவன் முகத்தைத் திருப்பும் வேகத்திலேயே இருக்கிறது. அழுது காட்டுவது எளிது. திரும்பி நிற்கும் முதுகில் இதைக் காட்ட உடம்பைப் பழக்கியவரால்தான் முடியும். அந்தப் படத்துக்காக வாட்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஹாலண்டுக்கு அமெரிக்காவின் நேஷனல் போர்ட் ஆஃப் ரிவ்யூ அமைப்பு புதுமுக நடிகர் விருது கொடுத்தது. ஹாலண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, இவ்வளவு பாராட்டுக்குப் பிறகு வாய்ப்புகள் வரிசையில் நின்றனவா? இல்லை. அதே காலத்தில் அவர் குரோய்டனில் உள்ள பிரிட் ஸ்கூலில் படித்தார். அடேலும் ஏமி வைன்ஹவுஸும் படித்த, கட்டணமில்லாத கலைப் பள்ளி. ‘ஹௌ ஐ லிவ் நௌ’ படத்தில் ஷெர்ஷா ரோனனோடு ஒரு வேடம். டாம் ஹார்டி காரிலேயே உட்கார்ந்து நடிக்கும் ‘லாக்’ படத்தில் தொலைபேசி வழியாக மகனின் குரல் மட்டும். பிபிசியின் ‘வுல்ஃப் ஹால்’ தொடரில் தாமஸ் குரோம்வெல்லின் மகன் கிரெகரி. (அதன் இரண்டாம் பாகம் 2024-ல் வந்தபோது கிரெகரியாக நடித்தவர் சார்லி ரோ. ஸ்பைடர்மேன் தேர்வில் ஹாலண்டுக்குப் போட்டியாகப் பெயர் அடிபட்டவர்களில் அவரும் ஒருவர்!) 1820-ல் திமிங்கிலம் மோதி மூழ்கிய எஸெக்ஸ் கப்பலின் கதையை ரான் ஹோவர்ட் எடுத்தபோது, பட்டினி கிடக்கும் கப்பல் பையனாக நடிப்பதற்காக நிஜமாகவே வயிற்றைக் காயப்போட்டு இளைத்தார். அந்தப் படம் வசூலில் முழுகியது.

இதற்கிடையில் அம்மா ஒரு காரியம் செய்தார். நடிப்பை மட்டும் நம்பினால் எப்படி என்று மகனைக் கார்டிஃப் நகரில் தச்சு வேலை கற்க அனுப்பினார். நம் வீட்டு அம்மாக்கள் ‘எதற்கும் ஒரு டிகிரி வாங்கிவிடு’ என்பார்களே, அதே கதைதான். ஆறு வாரம். இன்றும் மர வேலை அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

இப்போது ஸ்பைடர்மேன். 2015 பிப்ரவரியில், ஸ்பைடர்மேன் படங்களின் உரிமையை வைத்திருந்த சோனியும் மார்வெலும் கைகோத்தன. பீட்டர் பார்க்கர் பாத்திரத்துக்கு வயது 15. ஆனால் முதல் படம் வந்தபோது டோபி மகுவயருக்கு 26, ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கு 28. இந்த முறை பள்ளிப் பையன் போலவே தெரிகிறவர் வேண்டும் என்று தேடினார்கள். ஹாலண்ட் வீட்டிலிருந்தே வீடியோ எடுத்து அனுப்பி, பல சுற்றுகள் தாண்டி, அயர்ன்மேன் ராபர்ட் டவுனி ஜூனியரோடு ஒரு சோதனைக் காட்சி, கேப்டன் அமெரிக்கா கிறிஸ் ஈவான்ஸோடு ஒரு சோதனைக் காட்சி என்று சில மாதங்கள் ஓடின. மற்றவர்கள் நடித்துக் காட்டினார்கள். இவர் நடித்ததோடு பல்டியும் அடித்துக் காட்டினார். விக்டோரியா பேலஸில் பழகிய உடம்பு. டவுனி எழுதிய வசனத்தை விட்டு எங்கெங்கோ போனபோதும் இவர் சளைக்காமல் கூடவே போயிருக்கிறார். வாரக்கணக்கில் மேடையில் நின்ற பையனுக்கு அது புதிதில்லை.

தேர்வான செய்தியை யாரும் அவருக்குப் போன் செய்து சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, புது ஸ்பைடர்மேன் யாரென்று எங்கள் தளத்தில் பாருங்கள் என்று மார்வெல் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்ததைப் பார்த்து, போய்ப் பார்த்தால் தன் பெயர். கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். தம்பி ஹாரி நம்பவில்லை. யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றானாம். அவனைக் குறை சொல்ல முடியாது. 2014 கடைசியில்தான் சோனி நிறுவனத்தின் கணினிகளை நிஜமாகவே ஹேக் செய்து கடிதங்களையெல்லாம் வெளியே விட்டிருந்தார்கள்.

2017-ல் வந்த ‘ஹோம்கமிங்’ படத்துக்காக நியூயார்க்கில் பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் சில நாள், வேறு பெயரில் மாணவன் போல உட்கார்ந்தார். ஒருவரிடம் தான் ஸ்பைடர்மேன் என்று உண்மையைச் சொல்லியும் நம்பவில்லையாம். அந்தப் படத்தில் பீட்டர் கான்கிரீட் இடிபாடுகளுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இடம் இருக்கிறதே, அதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முதலில் மூச்சு வாங்குகிறது. உதவிக்கு ஆள் கூப்பிடுகிறான், குரல் உடைந்து சின்னப் பையன் குரலாகிவிடுகிறது. அப்புறம் கீழே தேங்கிய நீரில் தன் முகத்தில் பாதியும் முகமூடியில் பாதியும் சேர்ந்து தெரிகிறது. அந்த அழுகை ‘தி இம்பாசிபிள்’ படத்து லூக்காஸின் அழுகை. அங்கிருந்து தோள் கொடுத்து எழும்பும் உடம்பு பில்லியின் உடம்பு. கிராஃபிக்ஸ் இல்லாமல் அந்தப் படம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தைத் தாங்குவது கிராஃபிக்ஸ் இல்லை.

மிச்சம் தெரிந்த கதை. 2017-ல் பிரிட்டிஷ் திரைப்பட அமைப்பான பாஃப்டாவின் ரைசிங் ஸ்டார் விருது. 2021 டிசம்பர் 16 அன்று, அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்னதாகவே, முதலில் சொன்ன அந்த 190 கோடி டாலர் படமான ‘நோ வே ஹோம்’ இங்கே தமிழ் பேசியும் வந்தது. கதையை உளறிவிடுவார் என்று பயந்து பேட்டிகளில் பக்கத்தில் சக நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்சைக் காவலுக்கு உட்கார வைத்த கதையும் பழசு. அதிகம் பேசப்படாத ஒன்று: 2019 ஆகஸ்டில் சோனியும் மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னியும் பிரிந்துவிட்டன. ஹாலண்ட் டிஸ்னி தலைவர் பாப் ஐகருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இத்தனை நாள் வாய்ப்புக்கு நன்றி, பேச முடியுமா என்று கேட்டிருந்தார். ஐகரின் போன் வந்தபோது ஹாலண்ட் குடும்பத்தோடு பப்பில், வினாடி வினா நடுவில், சில பைண்ட் பியருக்குப் பிறகு இருந்தார். அழுதுவிட்டார். செப்டம்பர் கடைசியில் இரண்டு நிறுவனங்களும் திரும்பவும் சேர்ந்தன. அழுகைக்காக மட்டும் சேர்ந்தார்கள் என்று நான் நம்பவில்லை. கணக்குப் போட்டுத்தான் சேர்ந்திருப்பார்கள். ஆனால் ஐகரே அந்தப் பேச்சு தன்னை அசைத்ததாகச் சொன்னார்.

நல்ல நடிகரா என்ற கேள்விக்கு ஸ்பைடர்மேனுக்கு வெளியேதான் பதில் தேட வேண்டும். அங்கே மதிப்பெண் கலவையாகத்தான் இருக்கிறது. ‘கேயாஸ் வாக்கிங்’ (2021) படுத்துவிட்டது. ரூஸோ சகோதரர்களின் ‘செர்ரி’யில் போருக்குப் போய் வந்து போதைக்கு அடிமையாகி வங்கி கொள்ளையடிக்கும் பாத்திரம், உயிரைக் கொடுத்து நடித்தார், படம்தான் அவரை விட்டுவிட்டு எங்கோ போனது. ‘அன்சார்ட்டட்’ (2022) 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, ஆனால் ஒவ்வொரு ஷாட்டிலும் நான் அழகாக, கெத்தாகத் தெரிகிறேனா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன், அது தவறு என்று அவரே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். படம் வெளிவருவதற்கு முன்னாலேயே நாயகன் இப்படிப் பேசுவது அபூர்வம். அப்பாவின் பிள்ளை!

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி டெவில் ஆல் தி டைம்’ பாருங்கள். அமெரிக்கக் கிராமப்புறம், மதம், வன்முறை. தங்கையாக வளர்ந்தவளைக் கெடுத்த பாதிரியாரைப் பார்க்க ஆர்வின் என்ற இளைஞன் சர்ச்சுக்கு வருகிறான். கடைசி வரிசை இருக்கையில் தொப்பியோடு உட்கார்ந்து, ஒரு பாவிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குவீர்களா என்று தணிந்த குரலில் கேட்கிறான். பாதிரியாராக ராபர்ட் பேட்டின்சன். இரண்டு லண்டன்காரர்கள் அமெரிக்கத் தென்பக்கத்து உச்சரிப்பில் பேசிக்கொள்வதே தனி வேடிக்கை. ஆனால் ஹாலண்ட் அந்தக் காட்சியில் செய்வது முக்கியம்: ஒன்றுமே செய்யவில்லை. எப்போதும் துள்ளும் உடம்பு அங்கே கல்லாக இருக்கிறது. கை மட்டும் எங்கே போகப் போகிறது என்று நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

2023-ல் வந்த ‘தி கிரவுடட் ரூம்’ தொடருக்குப் பிறகு ஒரு வருஷம் நடிப்புக்கு விடுப்பு என்று அறிவித்தார். பல ஆளுமைகளாகச் சிதறிய ஒருவனின் வேடம், தயாரிப்பிலும் பங்கு, ரொம்பவே அடித்துப் போட்டுவிட்டது என்றார். குடியை அதற்கு முன்னால், 2022 ஜனவரியிலேயே விட்டிருந்தார். ஒரு மாதம் மட்டும் குடிக்காமல் இருப்போம் என்று ஆரம்பித்தவருக்கு, மாதம் முழுக்க அடுத்த கிளாஸைப் பற்றியே யோசனை ஓடியது பயத்தைக் கொடுத்ததாம். பிறந்தநாள்வரை நீட்டினார், அப்புறம் திரும்பிப் போகவில்லை. 2024-ல் ஆல்கஹால் இல்லாத பியர் கம்பெனியும் ஆரம்பித்தார்.

அதே வருஷம் மே மாதம் மேடைக்குத் திரும்பினார். ஜேமி லாய்ட் இயக்கிய ‘ரோமியோ ஜூலியட்’, லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கம், சுமார் 640 இருக்கை. டிக்கெட் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது. இருண்ட மேடை, கையில் மைக், கேமரா பிடிப்பவர் பின்னாலேயே வருவார். ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ரோமியோ அரங்கத்தின் மொட்டை மாடியில் நிற்பதைக் கீழே திரையில் நேரலையாகக் காட்டினார்கள். ஜூலியட்டாக நடித்த பிரான்செஸ்கா அமேவுடா-ரிவர்ஸ் கறுப்பினப் பெண் என்பதற்காக இணையத்தில் அவர்மீது கொட்டிய வசவு அசிங்கமானது. நாடகக் குழு வெளிப்படையாகக் கண்டித்து அறிக்கை விட்டது. ஹாலண்டுக்கு ஷேக்ஸ்பியர் வசனம் முழுதாக வசப்பட்டதா என்பதில் விமர்சகர்கள் பிரிந்தார்கள். டிஸ்லெக்சியா உள்ளவர் அந்த வசனத்தோடு வாரக்கணக்கில் தினமும் மேடையேறினார் என்பதைச் சேர்த்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

ஸெண்டேயா பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள்: ‘ஹோம்கமிங்’ படத்தில் சேர்ந்து நடித்தவர்கள், 2023-ல் அம்பானி கலை மையத் திறப்பு விழாவுக்கு மும்பை வந்தார்கள், 2025 ஜனவரியில் நிச்சயதார்த்தச் செய்தி வந்தது. அது அவர்கள் வீட்டு விஷயம். எனக்கு அந்த ஜோடியில் பிடித்தது 2017-ல் ஒரு அமெரிக்க டிவி போட்டியில் இருவரும் எதிரெதிரே ஆடியதுதான். கோட்டும் குடையுமாகப் பழைய காலத்து மழைப் பாட்டில் ஆரம்பித்தவர், கண் மூடித் திறப்பதற்குள் ரிஹானா வேஷத்தில், மேடையில் மழை கொட்ட, ‘அம்பர்லா’ பாட்டுக்கு ஆடுவார். சிரிக்க வைக்கும் வேஷம்தான், ஆனால் ஒரு அடிகூடத் தப்பாது. வீடியோ இணையத்தில் கிடைக்கும்.

2021 டிசம்பரில் அவர் இன்னொன்றும் சொன்னார்: பழைய ஹாலிவுட்டின் நடன மன்னன் ஃபிரெட் அஸ்டேராக நடிக்கப் போவதாக. நான் இவரிடம் எதிர்பார்க்கும் படம் அதுதான், இன்னும் வரவில்லை. அதுவரை நீங்கள் ‘தி இம்பாசிபிள்’ பாருங்கள், அடுத்து ‘ஹோம்கமிங்’ படத்தின் அந்த இடிபாட்டுக் காட்சி, அப்புறம் ஒரு நிதானமான ராத்திரியில் ‘தி டெவில் ஆல் தி டைம்’. கடைசிப் படத்தைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.